தூபிகளைத் திறந்த துரைமகனார்

அசோகன் பெயரையும் சாஞ்சியின் பெயரையும் அறியாத மாணாக்கர் இன்று நம் நாட்டில் இலர். ஆயினும் இரு நூற்றாண்டுகட்கு முன்னர், கற்றறிந்த பண்டிதரும் அவ்விரு பெயர்களின் மேன்மையை உணர்ந்தாரல்லர். காட்டிடையே செங்கற் குவியலாய்க் கிடந்த தூபிகள் இன்ன அறவோர்க்கு உரியன என்பதும், இன்ன மேடே பழைய இன்ன நகர் என்பதும் நமக்குத் தெரியவந்தமைக்குக் காரணராயினார் பலர். அவருள் தலையாயவர் சர் அலெக்ஸாண்டர் கன்னிங்காம் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். அவர்தம் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேம். அவர் செய்தன எல்லாம் நன்றே என்று துணியும் நோக்கம் எமக்கு இல்லை. அவர் கையால் விளைந்த நன்மையும் தீங்கும் ஒரு தண்டிலே பூத்த இரு மலர் போல ஒட்டியே கிடக்கின்றன.

கன்னிங்காம் 1814-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஆலன் கன்னிங்காம் ஸ்காத்லாந்து நாட்டினர். இளமையில் உளி பிடித்த கல்தச்சர். பின்னர்க் கவிஞரென்று புகழ் பெற்று, சாண்ட்ரி என்னும் பெருஞ் சிற்பியாரின் தொழிற்கூடத்தில் துணைவராய் அமர்ந்தவர். கல்லும் கவிதையும் ஒருங்கே வாழ்ந்த வீட்டிற் பிறந்த மகன், கல்லிலே எழுதப்பட்ட கதைகளைத் தேடித் தன் வாழ்நாளைக் கழித்தது வியப்பன்று. அக்காலத்தில் பெருநாவலாசிரியராய் விளங்கிய வால்டர் ஸ்காட் பெருமான் அக்குடும்பத்தின்பால் அன்புடையவர். அவருடைய பரிந்துரையினால் அலெக்ஸாண்டரும் அவர் தமையனார் ஜோசப்பும் கீழிந்தியக் கும்பெனியின் படைமாணவராயினர். தமையனார் பிற்காலத்தில் சீக்கியர் வரலாற்றை நடுநிலை பிறழாது எழுதி, அதன் பயனாய்த் தம் அலுவலை இழந்தார். அது வேறொரு கதை.

1833-ஆம் ஆண்டு, வங்காளப் பொறியாளர் படையில் இளந் துணைத்தலைவராய் அலெக்ஸாண்டர் கல்கத்தா வந்திறங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பது. இவ்வயதில் நம்மனோர் பரீட்சை மண்டபத்தையே பெருங்கடலாக எண்ணி நடுங்குகின்றோம். அவரோ கடல் கடந்து வந்து அறியா நாட்டிலே கால் ஊன்றினார். ஆங்கு நாணயச் சாலையிற் பொன் வெள்ளி மாற்றறியும் அலுவல் பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் என்னும் அறிஞரது நட்பு அவருக்கு வாய்த்தது. பிரின்செப் பதினைந்து ஆண்டு மூத்தவர். பழங்காசுகளைப் படிப்பதில் தணியாத வேட்கையுடையவர். அவ்வேட்கை இளைஞரையும் பற்றிக்கொண்டது.

அக்காலத்தில் அசோகனுடைய கற்றூண்களில் உள்ள எழுத்துக்களைப் படிக்க வல்லார் எவரும் இலர். 1837-ஆம் ஆண்டில் சாஞ்சித் தூபியின் சுற்றுவேலியில் உள்ள சிறு சிறு பொறிப்புக்களின் படிகள் பிரின்செப்பிடம் வந்து சேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலன ஒரே ஈரெழுத்துக்களால் முடிவதை அவர் கண்டார். கோயிலிலே தூணும் படியும் அளித்தோர் தம் பெயரைப் பொறிப்பது இந்நாட்டு வழக்கம் என்பதை நினைந்து, அவ்விறுதிச் சொல் தானம் என்பதாகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். அத்துணிபு சரியாயிற்று. அச்சிறு சொல்லைத் திறவுகோலாகக்கொண்டு பிராமி எழுத்து முழுவதும் படிக்கப்பட்டது. அசோகன் வாய் திறந்தான். மன்னர் பொறித்த நெடும் சாசனங்களினின்று அன்றி, வணிகரும் பிக்குணிகளும் தத்தம் ஊரும் பேரும் சொல்லி இட்ட சிறு கொடைகளினின்றே அவ்வறிவு பிறந்தது என்பது நினைக்குந்தோறும் இன்பம் பயப்பது. பிரின்செப் 1840-ஆம் ஆண்டில், நாற்பது வயதளவில் மறைந்தார். அவர் தொடங்கிய பணி கன்னிங்காமின் தோள்மேல் ஏறியது.

இனி, தூபி என்பது யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனை அறியாதார்க்கு இவ்வரலாற்றின் உட்பொருள் விளங்காது.

புத்தர் பெருமான் குசிநகரத்தில் பரிநிருவாணம் எய்தியபின் அவரது திருவுடல் எரிக்கப்பட்டது. எஞ்சிய என்புகளைப் பெற அரசர் பலர் படையொடு வந்தனர். போர் மூளும் தறுவாயில் துரோணன் என்னும் அந்தணன் இடைபுகுந்து அவற்றை எட்டுப் பங்காக்கினான். அளந்த கலத்தைத் தனக்கெனப் பெற்றான். காலந்தாழ்த்து வந்த மோரியர் கரியைக் கொண்டு சென்றனர். அங்ஙனம் பத்துத் தூபிகள் எழுந்தன என்பது பௌத்த நூல்களின் கொள்கை. பின்னர் அசோகன், அவ்வெட்டனுள் ஏழைத் திறந்து, தாதுக்களை நுண்ணிதிற் பகுத்து, எண்பத்து நாலாயிரம் தூபிகளை எடுப்பித்தான் என்றும், இராமகிராமத்துத் தூபியை மட்டும் நாகர் காத்து நின்றமையால் திறவாது மீண்டான் என்றும் அந்நூல்கள் கூறும்.

தூபியின் உருவம் எளிது. வட்டமான மேடை, அதன்மேற் கவிழ்த்த கலம் போன்ற திரண்ட உடல், உச்சியிலே சதுர வேலி, அதன் நடுவே குடை. குடை அரசர்க்குரிய சின்னம். ஈண்டு அறத்திற்கு அரசராயினார்க்கு ஏந்தப்பட்டது. சுற்றிலும் கல்வேலியும் நாற்றிசையிற் றோரண வாயில்களும் உண்டு. வழிபடுவோர் தூபியைத் தம் வலப்பக்கத்தே கொண்டு சுற்றி வருவர். எம் போன்றோர் கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நம் நாட்டுத் திருக்கோயிலுக்கு உள்ளிடம் உண்டு. கிறிஸ்தவ ஆலயத்திற்கும் உண்டு. தூபிக்கோ உள் என்பதே இல்லை. புகுதற்கு வாயில் இல்லை. காண்டற்கு உருவம் இல்லை. நடுவே அடக்கம் பெற்ற தாதுவை எவரும் கண்ணாற் காண்பதில்லை. அது உண்டு என்னும் நம்பிக்கையோடு சுற்றி வருவதே வழிபாடு. தாது இல்லாது, பெருமான் அமர்ந்த இடம், அறம் உரைத்த இடம் ஆகியவற்றின் நினைவாக மட்டும் எழுப்பப்பெற்றனவும் பல. மூடியிருத்தலே தூபியின் இயல்பு என்று கூறின் மிகையாகாது. அதனைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதே கன்னிங்காமின் வேட்கை.

அவர் முதலிற் கைவைத்தது காசிக்கு அண்மையிலுள்ள சாரநாத்திலே. புத்தர் தம் முதல் அறவுரையை நிகழ்த்திய மான்காடு அதுவே. ஆங்குத் தமேக் என்னும் பெருந் தூபி, அடியிற் கல்லும் மேலே செங்கல்லுமாய், அடிவிட்டம் தொண்ணூற்று மூன்றடியாக, நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அதன் இடையிலே ஓடும் கொடிக்கருக்கு குப்தர் காலத்துச் சிற்பிகளின் கைத்திறம். 1835-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, கன்னிங்காம் அதன் உச்சியிலிருந்து கிணறு தோண்டுவதுபோல நேர் கீழாகத் துளைக்கலானார். சிகரத்திற்குச் சிறிது கீழே, பௌத்த அறத்தின் சாரமாகிய சூத்திரம் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. ஊக்கம் பெருகிற்று. ஆட்கள் கல்லை வெட்டி வெட்டி இறங்கினர். பதினான்கு திங்கள் கழிந்தன. ஐந்நூறு உரூபாவிற்கு மேல் செலவாயிற்று. நூற்றுப்பத்து அடி இறங்கி அடிப்படையின் செங்கல்லைத் தொட்டபொழுது, அங்குப் பேழையும் இல்லை, தாதுவும் இல்லை.

வறிதே முடிந்த முயற்சி என்று அவர் வருந்தியிருத்தல் கூடும். ஆனால் தமேக் தாதுவை அடக்கிய தூபியன்று. அறவாழி உருட்டிய இடத்தைக் குறிக்கும் நினைவுத் தூபி என்பதே அறிஞர் பலரது கருத்து. அவர் துளைத்தது வெறுமையை அன்று. அவ்விடமே ஆங்கு வைக்கப்பெற்ற பொருள். தோண்டி எடுத்தற்கு வேறொன்று இல்லை.

தமேக்கிற்கு அணித்தே மற்றொரு தூபி இருந்து அழிந்தது. அதன் கதை கேட்போர் நெஞ்சை வருத்தும். 1794-ஆம் ஆண்டில் காசியரசரின் திவானாயிருந்த ஜகத்சிங் என்பார், தம் பெயராற் காசியில் ஓர் அங்காடி கட்டுதற்குச் செங்கல் வேண்டி, அத்தூபியை இடித்தார். நடுவே கற்பேழையும் அதனுள் பசிய சலவைக்கற் செப்பும் கிடைத்தன. செப்பினுள் என்புகளும் முத்துக்களும் இருந்தன. என்புகள் கங்கையில் விடப்பட்டன. விட்டவர் அவமதிப்பாகச் செய்தார் என்று கூறுவதற்கில்லை. இறந்தார் என்பைக் கங்கையிற் சேர்த்தல் அவர்க்குப் புண்ணியமே. ஆயினும் எவருடைய என்பு என்பதை அறிந்தார் அங்கு ஒருவரும் இலர். நாற்பது ஆண்டுகட்குப்பின் வந்த கன்னிங்காம், அவ்விடிப்பைக் கண்ட முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, புறப்பேழை இன்னும் அக்குழியிலேயே கிடக்கின்றது என்று கேட்டறிந்து, தோண்டி எடுத்துக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்திற்கு அனுப்பினார். அவர் சாரநாத்திலே கண்டெடுத்து விட்டுச் சென்ற சிலைகளுள் நாற்பதுக்கு மேற்பட்டவை, பின்னர் வருணை ஆற்றுப் பாலத்தின்கீழ் நீர் அரியாதபடி கொட்டப்பட்டன. அங்ஙனம் செய்வித்தாரும் ஆங்கிலேயரே. கல்லுக்கு மதிப்பறியாமை ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ மட்டும் உரியதன்று.

அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் படையிலே சென்றது. ஆக்லந்து பிரபுவின் மெய்காப்புத் துணைவராயிருந்தார். 1840-இல் மணம் புரிந்தார். குவாலியர்ப் போரிலும் இரு சீக்கியப் போர்களிலும் கலந்துகொண்டார். லதாக்கின் எல்லை வகுக்கச் சென்று அந்நாட்டைப்பற்றி விரிவான நூல் எழுதினார். இவற்றை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று.

ஆனால் 1843-ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்த அவர் கடிதம் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. பௌத்த இடங்களை ஆராய்தல் அரசாங்கத்திற்கும் ஆங்கில மக்களின் சமயத்திற்கும் பெரும்பயன் தரும் என்று அதிலே அவர் வற்புறுத்தினார். இந்தியா சிற்றரசுகளாய்ப் பிரிந்தபொழுதெல்லாம் அயலாரிடம் தோற்றது என்பதும், வைதிக சமயம் மாறாத பழமையுடையதன்று என்பதும் அதனால் நிலைபெறும் என்றும், ஆகவே கிறிஸ்தவ சமயம் இந்நாட்டில் வேரூன்றுவது உறுதி என்றும் அவர் கருதினார். கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு அதனை அறியுங்கால் நாணம் உண்டாகின்றது. ஒருவர் புனிதமென்று போற்றுவதை மற்றொருவரை வெல்லுதற்குக் கருவியாகத் தோண்டி எடுத்தல் எவ்வேதத்தின் நெறி? அக்கடிதம் எதிர்நோக்கியபடி ஒன்றும் நிகழவில்லை. அவர் மண்ணினின்று வெளிப்படுத்தியவை எந்தச் சபைக்கும் துணையாகவில்லை. பௌத்தர்கள் மறந்திருந்த புண்ணியத் தலங்களையே அவர்கட்கு மீட்டுத் தந்தன. மனிதன் ஒன்றை நாடிச் செல்ல, வேறொன்று அவன் கையிற் கிட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1851-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரும் மெய்ஸி என்னும் படைத்துணைவரும் சாஞ்சி சென்றனர். போபாலுக்கு வடகிழக்கே, அக்காலத்திற் பீல்சா என்றும் இந்நாளில் விதிசா என்றும் வழங்கும் நகருக்கு அருகே, ஒரு சிறு குன்றின்மேல் அத்தூபிகள் நிற்கின்றன. பெருந்தூபியின் விட்டம் நூற்றிருபதடி. உயரம் ஐம்பத்து நான்கடி. அதன் தென்வாயிலின் ஒரு பகுதியை விதிசா நகரத்துத் தந்தக் கொல்லர் செதுக்கி உதவினர் என்று அக்கல்லே கூறுகின்றது. கல்லிலே அவ்வளவு நுண்ணிய வேலை எங்ஙனம் அமைந்தது என்னும் ஐயத்திற்கு அப்பொறிப்பே விடையாயிற்று. 1822-இல் ஒரு கப்பித்தான் அப்பெருந்தூபியின் ஒரு பக்கத்தை உச்சிமுதல் அடிவரை பிளந்து பாழாக்கியிருந்தார். கன்னிங்காமும் அதன் நடுவே இறங்கித் தேடினார், ஒன்றும் கிட்டவில்லை.

இரண்டாம் தூபியிலே ஒரு கற்பேழையும் அதனுள் நான்கு மாக்கற் செப்புக்களும் கிடைத்தன. அவற்றின்மேற் பத்து ஆசாரியர்களின் பெயர்கள் பொறித்திருந்தன. இமயமலைப் பகுதிக்கெல்லாம் ஆசாரியராயிருந்த காசியபகோத்திரர் பெயரும், மத்திமர் பெயரும் அவற்றுள் அடங்கும். அசோகன் காலத்துச் சங்கத்தின் பின்னர் இமயமலை நாட்டிற்கு அறமுரைக்கச் சென்றார் மத்திமர் என்று இலங்கையின் பழைய மகாவம்சம் கூறியிருந்தது. அந்நூலை வெறுங்கதை என்று இகழ்ந்தாரும் உளர். ஆயிரம் மைலுக்கு அப்பாற் கடல்சூழ் தீவிலே ஏட்டில் எழுதிக் காத்த பெயர், மத்திய இந்தியாவின் குன்றொன்றில் ஈராயிரம் ஆண்டாக எவரும் தொடாத செப்பின்மேற் காணப்பட்டபொழுது, அவ்விகழ்ச்சி வாய் மூடிற்று.

மூன்றாம் தூபியிற் கண்டதே எல்லாவற்றினும் சிறந்தது. நடுவே ஒரு பெருங் கற்பலகை. அதன்கீழ் இரண்டு கற்பேழைகள். தென்பாற் பேழையின் மூடியிற் சாரிபுத்தர் பெயர். வடபாற் பேழையின் மூடியில் மகா மௌத்கல்யாயனர் பெயர். இருவரும் புத்தர்பெருமானின் தலைமாணாக்கர். ஆசானுக்கு முன்னரே மறைந்தவர். ஆசான் கிழக்கு நோக்கி அமருங்கால் வலக்கைப் பக்கம் சாரிபுத்தரும் இடக்கைப் பக்கம் மௌத்கல்யாயனரும் அமர்வது வழக்கம். வாழ்நாளில் அமர்ந்த முறையிலேயே அவர்தம் என்புகளும் வைக்கப்பட்டன என்பதைக் கன்னிங்காம் கண்டறிந்து எழுதினார். சாரிபுத்தர் பேழையிலே இரண்டு சந்தனத் துண்டுகள் இருந்தன. செப்பினுள் ஒரு விரற்கடையினும் சிறிய என்புத் துணுக்கும் ஏழு மணிகளும் இருந்தன. மூடியின் உட்புறத்தே மையினால் ஒரே ஓர் எழுத்து: அவர் பெயரின் முதலெழுத்து. மற்றச் செப்பிலும் அவ்வாறே மற்றவர் பெயரின் முதலெழுத்து. மூடுங்கால் எவருடைய தாது எதில் என்று மாறிவிடாதபடி பிக்கு ஒருவர் தம் எழுதுகோலால் இட்ட குறியாகலாம். கல்லிற் பொறித்த பெயர்களினும் அவ்விரண்டு மையெழுத்துக்களே எம்மை மிகவும் உருக்குகின்றன. பிறர் கண் ஒருபொழுதும் படலாகாது என்று இட்ட எழுத்து அது.

சாஞ்சியோடு அமையாது, சோனாரி, சத்தாரா, போஜ்பூர், அந்தேர் என்னும் அண்டையூர்த் தூபிகளையும் அவர்கள் திறந்தனர். சில கிழமைகளில் வேலை முடிந்தது. 1854-இல் அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. செப்புக்களை இருவரும் பங்கிட்டுக்கொண்டனர்.

இவ்விடத்திலேதான் எம் நெஞ்சு இருபாற் படுகின்றது. திறவாதிருந்தால் அப்பெயர்களை நாம் அறியோம். மகாவம்சத்திற்குச் சான்று இராது. அடுத்துவரும் செங்கல் திருடன் கையில் அவை சிக்கி, கங்கையிலோ குப்பையிலோ மறைந்திருக்கும். அசோகனும் தூபிகளைத் திறந்தவன் அன்றோ எனின், ஆம், திறந்தான். ஒன்றைப் பலவாக்கி நாடெங்கும் மக்கள் வழிபடும் பொருட்டுத் திறந்தான். ஜகத்சிங் செங்கல்லுக்காகத் திறந்தார். கன்னிங்காம் அறிவுக்காகத் திறந்தார். அறிந்தபின் அத்தாதுக்களை மீண்டும் அவ்விடத்தே வைத்து மூடியிருக்கலாம். அந்நினைவு அவர்க்கு எழவில்லை. மயிலாப்பூரில் அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறைக்குச் சென்று முழந்தாளிடுவோர் நம்மிற் பலர். அந்நிலவறையை ஓர் அன்னிய அறிஞர் மேலிருந்து துளைத்து, உள்ளே கண்டதை அளந்து எழுதி, தம் ஊர்க்கு எடுத்துச் சென்றார் எனின் நாம் பொறுப்போமோ? ஆயினும் அக்காலத்து அக்குன்றிலே பிக்குகள் இலர், தடுப்பாரும் இலர், அழுவாரும் இலர். உரியவர் அற்ற பொருள் என்றே அவர் எண்ணினார் போலும்.

1861-ஆம் ஆண்டில் அவர் படையினின்று மேஜர் ஜெனரலாய் ஓய்வு பெற்றார். பிறர் அவ்வயதில் தாய்நாட்டுக்குக் கப்பலேறுவர். அவரோ கானிங் பிரபுவுக்கு விண்ணப்பம் அனுப்பி, பழம்பொருளாராய்ச்சி அதிகாரியாய் அமர்ந்தார். இன்றைய இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையின் தொடக்கம் அதுவே. 1866-இல் சிக்கனம் கருதி அவ்வேலை எடுபட்டது. மேயோ பிரபு காலத்தில் மீண்டும் ஏற்பட, 1871 முதல் அவர் அத்துறையின் தலைவராயினார்.

அவர் கையாண்ட முறை புதுமையானது. ஏழாம் நூற்றாண்டிலே யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி இந்நாடு முழுவதும் சுற்றித் தென்னாட்டுக் காஞ்சி வரை வந்து, கண்ட தூபிகளையும் விகாரங்களையும், ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குள்ள திசையையும் தொலைவையும் குறித்துச் சென்றார். அவர் நூல் அந்நாளிற் பிரெஞ்சு மொழியில் வந்திருந்தது. அதனைக் கையிற் பிடித்து, சீனரின் லீ என்னும் அளவில் ஆறு கொண்டது ஒரு மைல் என்று கணக்கிட்டு, குதிரைமேலும் யானைமேலும் காலாலும் கன்னிங்காம் அத்துறவியின் அடிச்சுவட்டிலே நடந்தார். சகேத்-மகேத் என்னும் மேடு பழைய சிராவத்தி என்பதும், காசியா என்னும் சிற்றூர் பெருமான் மறைந்த குசிநகரம் என்பதும், பரகாவ் நாளந்தை என்பதும், கோசம் என்பது கௌசாம்பி என்பதும், தட்சசீலத்தின் இடமும் அவராற் றுணியப்பட்டன. காசியாவில் அவர் துணைவர் கார்லைல் 1876-இல் அகழ்ந்தபொழுது, இருபதடி நீளமுள்ள, கிடந்த கோலத்துப் புத்தர் திருவுருவம் மண்ணினின்று வெளிப்பட்டது. அவர் பிழைபட்ட இடங்களும் உண்டு. கபிலவத்து என்று அவர் ஏற்றுக்கொண்ட இடம் பொருந்தாதென்று பின்னர்த் தெளிவாயிற்று. ஹரப்பாவிற்கு மும்முறை சென்றும், அதன் செங்கற்கள் வண்டி வண்டியாக இருப்புப்பாதைக்குச் செல்வதைக் கண்டு வருந்தியும், ஆங்குக் கிடைத்த முத்திரையை அயல்நாட்டதென்று ஒதுக்கிவிட்டார். கையில் இருந்தது யாதென அவர் அறிந்திலர். பௌத்தர் தூபிகளையே தேடிய கண்ணுக்கு வேறு பழமை புலப்படவில்லை.

1873-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நாகோடு சமஸ்தானத்துப் பர்ஹுத் என்னும் சிற்றூரில், மண்ணுக்கு வெளியே தலைநீட்டிய சில கற்றூண்களை அவர் கண்டார். அறுபத்தெட்டடி விட்டமுள்ள தூபியின் செங்கற்களை ஊரார் தம் வீடு கட்டுதற்குக் கொண்டுபோயிருந்தனர். எஞ்சியது வேலியின் ஒரு பகுதியும் கிழக்கு வாயிலுமே. ஆனால் அவ்வேலியில் சாதகக் கதைகள் செதுக்கப்பட்டு, பலவற்றின் மேல் அவற்றின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. படத்திற்குப் பெயர் எழுதிவைத்த சிற்பியின் அருளினாலேதான், பெயரில்லாத பிற சிற்பங்களையும் அறிஞர் படிக்கக் கற்றனர். ஒரு வட்டத்தில், அநாதபிண்டிகன் என்னும் வணிகன் ஜேதவனத்தைப் பெருமானுக்கு விலைகொள்ளுகின்றான். நிலம் மூடுமளவு பொன் பரப்ப வேண்டும் என்பது உடன்பாடு. வண்டியினின்று காசு இறக்கப்படுகின்றது, ஏவலர் அதனைத் தரையிலே சதுரம் சதுரமாக அடுக்குகின்றனர்.

அச்சிற்பங்களில் எங்கும் புத்தர் உருவம் இல்லை. அவர் இருக்கவேண்டிய இடத்தே வெறும் இருக்கை. அல்லது ஒரு மரம். அல்லது இரண்டு அடிச்சுவடுகள். மக்கள் அவற்றின்முன் வணங்கி நிற்கின்றனர். மணிமேகலை பயிலும் நமக்கு இது புதிதன்று. மணிபல்லவத்திலே மணிமேகலை கண்டு தொழுது தன் பழம்பிறப்பை உணர்ந்தது ஓர் உருவத்தையன்று, புத்தபீடிகையை. அக்காப்பியத்தைப் படிக்குங்கால் ஆசனத்தைத் தொழுவது புலவர் கற்பனை என்றே யாம் எண்ணியிருந்தோம். பர்ஹுத் கல்வேலியின் படங்களைக் கண்டபின்னரே, அது ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கங்கை நாட்டிலும் மக்கள் கைகூப்பிய முறை என்பது விளங்கிற்று. சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையில் உள்ள அமராவதிப் பலகைகளிலும் வெற்றிருக்கையைக் காணலாம். நகருக்குச் செல்லும் மாணாக்கர் ஒருநாள் மாலையை அதற்கென ஒதுக்குதல் நன்று.

பர்ஹுத்தின் கற்களை அங்கேயே விட்டால் எஞ்சியவையும் வீட்டுச் சுவராகும் என்று அஞ்சி, கன்னிங்காம் அவற்றைக் கல்கத்தாவின் இந்தியக் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். தூபி நின்ற இடத்தினின்று வேலியைப் பெயர்த்தது தகாது என்று அக்காலத்திலேயே குறைகூறினாரும் உண்டு. ஊரிலே இருந்திருப்பின் இன்று ஒரு துண்டும் மிஞ்சியிராது என்பதே எம் கருத்து.

இருபத்து மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவர்தம் அறிக்கைகளுட் பாதிக்கு மேற்பட்டன அவர் தம் கையால் எழுதியவை. அசோகன் சாசனங்களை ஒருங்கு திரட்டிய நூல் 1877-லும், பர்ஹுத் தூபியைப்பற்றிய நூல் 1879-லும் வெளிவந்தன. 1885-இல், எழுபத்தொரு வயதில், அவர் ஓய்வு பெற்றார். ஐம்பதாண்டுக்கு மேலாகத் தாம் தொகுத்த பொருள்களுட் பெரும்பகுதியை இந்தஸ் என்னும் நீராவிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அக்கப்பல் இலங்கைக் கரைக்கு அருகே உடைந்து மூழ்கியது. காசுகளுட் சிறந்தன தப்பிப் பிரித்தானியக் காட்சிச்சாலையை அடைந்தன. தூபிகளினின்று அவர் பங்காக எடுத்தவற்றுட் பல கடலின் அடியிற் சென்றன. மகாவம்சம் பிறந்த அத்தீவின் கரையிலேயே அது நிகழ்ந்தது.

1887-இல் அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நோயுற்ற நிலையிலும் எழுதுதலை விடாது, புத்தகயையின் மகாபோதிக் கோயிலைப்பற்றிய நூலை 1892-இல் வெளியிட்டார். 1893-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இலண்டனிலே உயிர் துறந்தார். கென்சல் கிரீன் என்னும் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது. சாஞ்சியைச் சர் ஜான் மார்ஷல் 1912 முதல் 1919 வரை சீர்திருத்தி, பிளந்த தூபிகளை மூடி, வீழ்ந்த வாயில்களை நிறுத்தினார்.

மெய்ஸியின் பங்காகச் சென்றவை கடலில் மூழ்கவில்லை. அவை இலண்டனிலே விக்டோரியா-ஆல்பர்ட் காட்சிச்சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பௌத்த மக்கள் பல ஆண்டு வேண்டிக்கொண்டமையால், பீல்சாப் பகுதித் தூபிகளினின்று சென்ற சாரிபுத்தர், மௌத்கல்யாயனர் ஆகிய இருவரின் தாதுக்களும் 1947-இல் விடைபெற்று, முதலில் இலங்கைக்கு வந்தன. அங்கே மக்கள் கடலெனத் திரண்டு வணங்கினர். 1949-இல் அவை கல்கத்தாவை அடைந்தன. 1952-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், ஜவஹர்லால் நேரு முன்னிலையில், சாஞ்சிக் குன்றின்மேற் புதிதாக எழுப்பிய விகாரத்தில் வைக்கப்பட்டன. பழைய தூபியினுள் அவை மீண்டும் செல்லவில்லை. விகாரத்தின் நிலவறையிலே பூட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் இறுதி ஞாயிற்றுக்கிழமையில் அவ்வறை திறக்கப்படும். இலங்கையினின்றும் பிற நாடுகளினின்றும் வருவோர் செப்புக்களைத் தலைமேற் கொண்டு, தூபியைத் தம் வலப்பக்கத்தே வைத்துச் சுற்றி வந்து, மாலையில் மீண்டும் உள்ளே வைத்துப் பூட்டுவர்.